நாய்க்கு பிசியோ, ஊர் ஊராக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் கிளம்பி ஈரோடு, சேலம், திருச்சி, மதுரை, ராஜபாளையம் என்று ஒரு சுற்று, திரும்பி வந்து நாலு நாள் துணி துவைத்துத் தூங்கிவிட்டு மறுபடியும் அதே சுற்று. ஒரு பழைய ஈகோ வேன், பின்னால் பாய்களும் குழாய்களும், முன் சீட்டில் என் தெருநாய் கருப்பன். போகிற ஊரிலெல்லாம் நாய்களுக்கு மசாஜ், உடற்பயிற்சி, ஆபரேஷனுக்குப் பிறகான ரீஹேப் (அதாவது உடம்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் பயிற்சி). ஏழாவது வருடம் ஓடுகிறது. நாய் வளர்ப்பவர்களும் சரி, இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களும் சரி, போனில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

நாய்க்கு மசாஜா? பணம் இருப்பவர்களின் விளையாட்டுதானே?

இதுதான் எப்போதும் முதல் கேள்வி, பெரும்பாலும் வீட்டுத் தாத்தாதான் கேட்பார். கோபமெல்லாம் வராது. மசாஜ் என்ற சொல்லே ஆளைத் தப்பாக நினைக்க வைக்கிறது. என்னிடம் வருகிற நாய்களில் பாதிக்கு மேல் மூன்று வகைதான்: வயதாகி மூட்டுத் தேய்ந்தவை, பின்னங்கால் முழங்காலில் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனவை, எடை கூடிப்போய் எழுந்திருக்கவே யோசிப்பவை. இவை வலிக்கிற காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற கால்களில் சமாளிக்கும். நாயின் உடம்பு எடையில் சுமார் 60 சதவீதத்தை எப்போதுமே முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. பின்னங்கால் வலித்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் போய்விடும். அப்புறம் தோள், கழுத்து, முதுகு எல்லாம் கட்டையாக இறுகிப்போகும். அந்த இறுக்கத்தைக் கையால் தளர்த்துவது மசாஜ், மெலிந்துபோன தொடையைத் திரும்பக் கொண்டுவருவது உடற்பயிற்சி. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லோரும் ஆசைப்பட்டுக் கேட்பது முதலாவதை.

நீங்கள் டாக்டரா?

இல்லை. நான் மனிதர்களுக்கான பிசியோதெரபி படித்தவள். கொங்குப் பக்கத்துப் பாட்டிகள் "டாக்டர் அம்மிணி" என்பார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. ஆனால் பில்லிலும் வாட்ஸ்அப் பெயரிலும் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொள்கிறேன். நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி கால்நடை மருத்துவம் பார்க்கும் உரிமை பதிவு பெற்ற மருத்துவர்களுக்குத்தான். நோய் இன்னதென்று சொல்வது, மருந்து எழுதுவது, ஊசி போடுவது எதுவும் என் வேலை இல்லை. மருத்துவர் பார்த்து என்னவென்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நான் தொடுவேன். "எதற்கு இரண்டு செலவு, நீங்களே பார்த்துச் சொல்லுங்களேன்" என்பவர்களிடம் போனிலேயே முடியாது என்று சொல்லிவிடுவேன்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்?

இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று கால்நடை மருத்துவம்: வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களின் கல்லூரிகளும் இருக்கின்றன. இன்னொன்று என்னைப் போல பிசியோதெரபி முடித்துவிட்டு நாய்ப் பக்கம் வருவது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் தரும், நாய் ரீஹேப்புக்கான சி.சி.ஆர்.பி. சான்றிதழ் கால்நடை மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் திறந்திருக்கிறது. செலவு அதிகம், ஆனால் பாடம் கறாரானது. இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடித்துச் சான்றிதழை வேனில் ஒட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நாயின் முதுகெலும்பு எங்கே முடிந்து இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லத் தெரியும்வரை காசு வாங்காதீர்கள். நான் அதைக் கருப்பன் மேல்தான் பழகினேன், அவன் பாதி நேரம் தூங்கிவிடுவான்.

எந்த நாயை வேண்டாம் என்று சொல்வீர்கள்?

காய்ச்சல் இருக்கிற நாயை. நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், அதனால் "தொட்டால் சூடாக இருக்கிறது" என்பதை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். நாய் சோர்ந்து, கால் தாங்கி நடந்தால் மூட்டுவலி என்று நினைத்துக் கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் காதுக்குள் உண்ணி வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த நாய்க்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை. ஆறாத காயம், என்னவென்று தெரியாத கட்டி, எலும்பு முறிவு, வயிறு உப்பிக்கொண்டு வாந்தி எடுக்க முயன்று முடியாமல் தவிக்கும் நாய், இவற்றையும் தொடுவதில்லை. கடைசியாகச் சொன்னது உயிர் போகிற அவசரம், அதை வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்யவே கூடாது.

ஒரு முறை கரூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டார். அவர் டாஷண்ட் நேற்றுவரை சோபாவில் ஏறிக் குதித்தது, காலையிலிருந்து பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு போகிறதாம். "நீங்கள் வந்து நீவிவிட்டால் சரியாகிவிடுமா அக்கா?" அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரம்தான், ஆனாலும் நான் போகவில்லை. நீளமான முதுகும் குட்டைக் காலும் உள்ள நாய்களுக்கு டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது அடிக்கடி நடப்பது; அந்த நேரத்தில் நீவுவதும் காலைப் பிடித்து நடக்கவைப்பதும் ஆபத்து, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அட்டைப் பெட்டியிலோ பலகையிலோ அசையாமல் படுக்கவைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு அந்த நாயிடம் நான் போனேன், எட்டு மாதம் போனேன்.

வலிக்குத் தைலம் தேய்க்கலாமா? நல்லெண்ணெய்?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். நமக்குக் கால் வலித்தால் தைலம், அதையே நாய்க்கும் பாசத்தோடு தேய்த்துவிடுகிறார்கள். வலித் தைலங்களில் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கும்; நாய் நக்காமல் விடாது, இரண்டுமே உள்ளே போனால் விஷம். டீ ட்ரீ எண்ணெயும் அப்படித்தான், 'இயற்கையானது' என்று எழுதியிருந்தால் நாய்க்கு நல்லது என்று அர்த்தமில்லை. நல்லெண்ணெய் விஷமில்லை, ஆனால் தேவையும் இல்லை: நாய் மசாஜ் உலர்ந்த முடிமேல், வெறுங்கையால் செய்வது. எண்ணெய் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும், தசையில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது, அப்புறம் அந்த நாய் நேராகப் போய்ப் புழுதியில் புரளும்.

இதைவிடப் பெரிய தப்பு, நம் மாத்திரைப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுப்பது. இபுபுரூஃபன், டைக்லோஃபினாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பாதி மாத்திரைதானே என்று சொல்லாதீர்கள்.

முதல் தடவை வீட்டுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

முதல் இருபது நிமிஷம் நாயைத் தொடமாட்டேன். தரையில் உட்கார்ந்துகொள்வேன், முகத்தைப் பார்க்கமாட்டேன், வீட்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டே நாய் எப்படி எழுந்திருக்கிறது, எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது, உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் தள்ளிப்போடுகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் வெளியே நடக்கவிட்டு பக்கத்திலிருந்து வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் காலை ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல காலை ஊன்றும்போது கீழே இறங்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் தலை இறங்குகிற பக்கம்தான் வலி என்று நினைப்பார்கள், நானும் நினைத்தேன்.

பிறகு டேப். தையற்காரரிடம் இருக்கிற சாதாரண டேப்தான். இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து எழுதிக்கொள்வேன். ஆபரேஷன் ஆன கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருப்பது புதிதில்லை. மூன்று வாரம் கழித்து வந்து மறுபடி அளக்கும்போது நான் சொன்ன பயிற்சியை வீட்டில் செய்தார்களா இல்லையா என்பதை அந்த டேப் சொல்லிவிடும், யாரும் எனக்குப் பொய் சொல்ல முடியாது.

கடைசியில்தான் கை. புறங்கையால் தோளில் ஆரம்பித்து வால்வரை முடி போகிற திசையில் நீளமாக, அழுத்தமே இல்லாமல் தடவுவேன். நாய் உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராதபோதே கொட்டாவி விட்டாலோ, அப்படியே உறைந்துபோய் வெள்ளைக்கண் தெரிய ஓரமாகப் பார்த்தாலோ நிறுத்திவிடுவேன். உறைந்து நிற்கிற நாயைப் பார்த்து "எவ்வளவு சமர்த்தாக இருக்கிறான் பாருங்கள்" என்பார்கள். அதற்கு அடுத்தது கடிதான்.

வேனில் என்னென்ன இருக்கும்? நிறைய முதலீடு வேண்டுமா?

ஆரம்பத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பலூன்களிலும் சமநிலைப் பலகைகளிலும் நிறையப் பணத்தைத் தொலைத்தேன். இப்போது அதில் வேர்க்கடலை வடிவப் பந்து ஒன்றுதான் உருப்படியாக மிச்சம். மற்றதெல்லாம் உள்ளூர்: தாண்டி நடக்க பிளம்பிங் கடையின் பி.வி.சி. குழாய்கள் ஆறு, அவற்றை உயர்த்தி வைக்கச் செங்கல் (அது எந்த வீட்டிலும் கிடைக்கும்), தடுமாறும் தரைக்கு ஒரு பஞ்சு மெத்தை, பாதி காற்று அடித்த லாரி டியூப், அடியில் ரப்பர் ஒட்டிய பாய்கள், வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப்பிடிக்க நாலு முழ வேட்டி. கடைசிச் சாமான் எந்த இறக்குமதி பெல்ட்டையும்விட நன்றாக வேலை செய்கிறது. துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தும்விடும்.

உங்கள் வீட்டு வழவழ டைல்ஸ்தான் என் பரம எதிரி. மூட்டு வலிக்கிற நாய்க்கு அது ஐஸ் மாதிரி. படுக்கிற இடத்திலிருந்து சாப்பிடுகிற இடம்வரை ஒரு பாதை மாதிரிக் கயிற்றுப் பாயோ ரப்பர் பாயோ போடச் சொல்வேன், உள்ளங்காலில் விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டச் சொல்வேன். இது மட்டுமே செய்து இரண்டு வாரத்தில் நடை மாறிய நாய்கள் உண்டு, நான் மசாஜே செய்யாமல்.

தண்ணீருக்குள் நடக்கவைக்கும் ட்ரெட்மில் இல்லாமல் ரீஹேப் முழுமையாகுமா?

நல்ல கேள்வி. அந்த இயந்திரத்தை வேனில் ஏற்ற முடியாது. அதன் பலன் எங்கிருந்து வருகிறது என்றால், தண்ணீர் உடம்பைத் தாங்குகிறது: இடுப்பு மூட்டு உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் நாயின் கால்களில் இறங்குவது அதன் எடையில் சுமார் 38 சதவீதம்தான், பின்னங்கால் முழங்கால் உயரத்துக்கு என்றால் 85 சதவீதம். அதாவது ஆழம் சரியாக இல்லாவிட்டால் பிரயோஜனமும் கிடையாது. பொள்ளாச்சி, கோபிப் பக்கம் தோட்டங்களில் பம்புசெட் தொட்டி இருக்கும், அதில் சிலரோடு செய்திருக்கிறேன். வெயில் ஏறித் தண்ணீர் வெதுவெதுப்பான பிறகு, லைஃப் ஜாக்கெட் போட்டு, நானும் உள்ளே இறங்கி நின்றுகொண்டு, ஐந்து நிமிஷம். ஆபரேஷன் தையல் முழுக்க ஆறுவதற்கு முன்னால் கிடையாது. படி இல்லாத தொட்டியிலும் கிடையாது, ஏறி வரும்போது கால் சறுக்கினால் செய்ததெல்லாம் வீண். சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களில் நல்ல ட்ரெட்மில் கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களை நானே அங்கே அனுப்பிவிடுவேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் நாய்க்கு எப்படிச் சரியாகும்?

நான் வருவதால் சரியாகாது. இதைத்தான் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் சொல்வேன், ஊர் ஊராகப் போகிறவர் அந்த நாயின் வாழ்க்கையில் பெரும்பாலும் இல்லாதவர். இருபத்தொரு நாளில் ஒரு மணி நேரம் என் கை, மிச்சம் முழுக்க அந்த வீட்டுக் கைகள். அதனால் என் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் மனிதர்களுக்குத்தான் போகிறது. நான் செய்து காட்டுவேன், அவர்கள் செய்வார்கள், அவர்கள் கையின்மேல் என் கையை வைத்து அழுத்தம் எவ்வளவு என்று காட்டுவேன்.

சேலத்தில் ஒரு லேப்ரடார், ஒன்பது வயது, 44 கிலோ. எல்லோரும் வேலைக்குப் போய்விட, வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். நான் கொடுத்த அச்சடித்த பயிற்சித் தாள் ஃப்ரிட்ஜில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடுத்த முறை தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு, நாயைச் சுவர் மூலையில் நிறுத்தி, உட்கார், எழுந்திரு என்று ஐந்து முறை செய்யவைப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். காலையில் பால் பொங்கியதும் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் ஒரு தடவை. செய்து முடித்தால் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து டப்பாவில் போட வேண்டும். பரிசுக்கு பிஸ்கட் போய் வெள்ளரிக்காய்த் துண்டு வந்தது. அதற்குத்தான் பாட்டி சம்மதிக்கவே இல்லை, "வாயில்லா ஜீவனை ஏமாத்தறதா?" என்று சண்டை. ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. டப்பாவில் தாள்களை எண்ணினோம், இருபது நாள் மட்டும் விட்டுப்போயிருந்தது, அந்த இருபது நாள் பாட்டிக்கு உடம்பு சரியில்லை.

எவ்வளவு வாங்குகிறீர்கள்? பயணச் செலவு யாருடையது?

முதல் முறை 1,800 ரூபாய், பிறகு ஒவ்வொரு தடவையும் 1,200. என் வழக்கமான சுற்றில் இருக்கிற ஊருக்குத் தனியாகப் பயணக் காசு இல்லை. சுற்றை விட்டு வெளியே கூப்பிட்டால், அந்த ஊரில் நாலு நாய்களாவது சேர்ந்தால்தான் வருவேன், செலவை நால்வரும் பகிர்ந்துகொள்வார்கள். முன்பு பத்துத் தடவைக்கு மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தேன். கையில் காசு இருக்கும், ஆனால் ஒரு நாய் நாலாவது தடவையிலேயே தேறிவிட்டால் மிச்ச ஆறுக்கு என்ன செய்வது? போய்ச் சும்மா தடவிவிட்டு வந்தேன், எனக்கே பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். கணக்கு விஷயத்தில், சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு, எனக்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்துவைத்துக்கொள்ளுங்கள், காசு கேட்கிற இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள்.

ஒரு நாள் வேலையை எப்படித் திட்டமிடுவீர்கள்?

ஒரு நாளைக்கு நாலு நாய், அதற்கு மேல் கட்டை விரல் ஒத்துழைக்காது. கத்திரி வெயில் காலத்தில் காலை ஆறு முதல் ஒன்பதரை, மாலை ஐந்துக்கு மேல், அவ்வளவுதான். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாய் நடக்கக்கூடாது. தீபாவளி வாரம் வேலையே எடுப்பதில்லை, வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் நடுங்குகிற நாய்க்குப் பயிற்சி சொல்லித்தர முடியாது. ஆவணி, தை முகூர்த்த நாட்களைக் காலண்டரில் பார்த்துவைத்துக்கொள்வேன், லாட்ஜில் அறை கிடைக்காது. கிடைத்தாலும் நாயோடு விடமாட்டார்கள். இரண்டு வருடம் கருப்பனை மறைத்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்ட பிறகு, ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாய்க்காரர் வீட்டு மாடியைப் பிடித்துவைத்திருக்கிறேன், வாடகைக்குப் பதில் அவர்கள் நாய்க்கு இலவசம்.

நாட்டு நாய்களுக்கும் செய்வீர்களா?

சந்தோஷமாக. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலை வரிசையில் ராஜபாளையமும் உண்டு, அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதை எனக்குச் சொல்லிவிடுவார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஓடப் பிறந்தவை, தோலுக்கு அடியில் கொழுப்பே இருக்காது. லேப்ரடாருக்குக் கொடுக்கிற அழுத்தத்தில் பாதி போதும். அவற்றின் பிரச்சினை பெரும்பாலும் இன்னொன்று. வாரம் முழுக்கச் சங்கிலி, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் அவிழ்த்துவிட்டதும் முழு வேகம், தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். ஓடவிடுவதற்கு முன் பத்து நிமிஷம் நடக்கவையுங்கள், அதற்கு நான் வரத் தேவையில்லை.

கடி வாங்கியிருக்கிறீர்களா? ஒரு வீட்டு நோயை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டீர்களா?

இரண்டு தடவை, இரண்டும் என் அவசரத்தால். வெறிநாய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்கிறேன், இந்தத் தொழிலுக்கு வருகிறவர் அது இல்லாமல் ஒரு நாயையும் தொடக்கூடாது. கடித்தால் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முன்பே போட்டவராக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டாவது பயம் நியாயமானது. குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. அதனால் வீட்டுக்கு வீடு பாயை மாற்றுகிறேன், மாலையில் எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் முக்கிவிடுகிறேன். தடுப்பூசி முடியாத குட்டி இருக்கிற வீட்டை அன்றைய முதல் வீடாக வைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊருக்கு எப்போது வருவீர்கள்?

கேட்பதற்கு முன் இவற்றை அனுப்பிவிடுங்கள்: மருத்துவர் எழுதிய சீட்டு, எக்ஸ்ரே இருந்தால் அதன் படம், நாயின் எடை, சாப்பாட்டில் என்னவெல்லாம் போகிறது (யாருக்கும் தெரியாமல் யார் கொடுப்பதும் சேர்த்து), வழுக்காத தரையில் பக்கவாட்டிலிருந்து எடுத்த நடை வீடியோ பத்து விநாடி. வீடியோவில் நாயைக் கூப்பிடாதீர்கள், அது துள்ளிக்கொண்டு வந்துவிடும், நொண்டுவது தெரியாது. நான் வருகிற நாளில் இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடு வேண்டாம். பகலில் வீட்டில் யார் இருப்பாரோ அவர் கட்டாயம் இருக்க வேண்டும், நீங்கள் ஆபீஸிலிருந்து வீடியோ காலில் வந்தால் போதும்.